காய்ச்சலை ஒளித்த வார்டு

இருபத்தோரு பேருக்கும் காய்ச்சல் இல்லை என்று எழுதி முடித்த பிறகும் கலைவாணி நோட்டை மூடவில்லை. எழுதியதையே பார்த்துக்கொண்டு நின்றாள். தொண்ணூற்றேழு. தொண்ணூற்றாறு புள்ளி எட்டு. தொண்ணூற்றேழு புள்ளி இரண்டு. மூன்று நாளாக இதே கதை. நீங்களும் நானுமாக இருந்தால் அப்பாடா என்று சந்தோஷப்பட்டிருப்போம், கண்ணுகளா. அவளுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். அது கொரோனா இரண்டாம் அலை அடித்த மே மாதம். நெமிலிச்சேரி ஸ்டேஷனிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு மனநல மருத்துவமனை. பெயர் நமக்கு எதற்கு? அங்கே ஆண்கள் வார்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. அக்னி நட்சத்திரம் வேறு. காலை ஒன்பது மணிக்கே ஃபேன் காற்று அடுப்பிலிருந்து வருவது போல வரும். அந்தக் கூரைக்குக் கீழே கிடக்கிற மனுஷன் நெற்றியில் காய்ச்சல் பார்க்கிற துப்பாக்கியை நீட்டினால் ஒருத்தருக்காவது தொண்ணூற்றெட்டு காட்ட வேண்டாமா? அவளுக்கே காலையில் கேட்டில் பார்த்தபோது தொண்ணூற்றெட்டரை.

கலைவாணி பட்டாபிராம்காரி. இருபது வருஷ நர்ஸ். வார்டில் இருந்த நான்கு நர்ஸ்களில் மூன்று பேர் நோயில் படுத்துவிட்டார்கள். டாக்டர் ஜெயராமனும் தொற்று வந்து வீட்டில் இருந்தபடி போனில்தான் பேசினார். மிச்சம் இருந்தது இவளும் அட்டெண்டர் ஜஸ்டினும்.

மற்ற ஆஸ்பத்திரி மாதிரி நினைத்துவிடாதீர்கள். அங்கே சானிடைசர் பாட்டிலை வார்டுக்குள் வைக்க முடியாது, யாராவது குடித்துவிடுவார்கள். அதை ஸ்டாஃப்தான் இடுப்பில் கட்டிக்கொண்டு திரிய வேண்டும். மாஸ்க்கின் ரப்பர் கயிற்றைக்கூட யார் கையில் கொடுக்கிறோம் என்று பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். தள்ளி உட்கார் என்றால் அவர்களுக்குப் புரியாமல் இல்லை. பத்து வருஷமாக ஒரே பெஞ்சில் தோள் இடிக்கச் சாப்பிட்டவர்களுக்கு மனசு வருவதில்லை, அவ்வளவுதான். பீடி பற்றவைப்பது ஒரு பெரும்பாடு. தீப்பெட்டி உள்ளே கூடாது என்பதால் ஜஸ்டின் ஒரே ஒரு பீடியைக் கொளுத்தித் தருவான். அதிலிருந்து அடுத்தவர், அவரிடமிருந்து அடுத்தவர் என்று தலையோடு தலை முட்டி நெருப்பு வாங்கிக்கொண்டே போவார்கள். அந்தப் பழக்கத்தை நிறுத்தவே ஒரு வாரம் ஆனது.

இதையெல்லாம் சரியாகச் செய்தவள் ஒன்றைத் தப்பாகச் செய்தாள்.

போன வாரம் அமல்ராஜ் என்பவருக்குத் தொற்று உறுதியானது. தனியாக வைக்க இடம் வேண்டும். வார்டின் கடைசியில் சிங்கிள் ரூம் என்று ஒன்று உண்டு. இரும்புக் கதவு. வெளிப்பக்கம் தாழ்ப்பாள். எட்டிப் பார்க்க ஒரு துவாரம். ஜன்னல் கிடையாது. யாராவது கைமீறிப்போய் அடிக்கிற நாளில் இரண்டு மணி நேரம் உள்ளே விட்டு, அடங்கியதும் திறந்துவிடுகிற அறை. அதைக் கழுவி, பினாயில் ஊற்றி, வாசலில் 'தனிமை அறை' என்று காகிதம் ஒட்டி அமல்ராஜை உள்ளே அனுப்பியது கலைவாணிதான். "ரெண்டே நாளு, அமலு" என்று சொல்லி அனுப்பினாள்.

அமல்ராஜ் இரண்டு நாளும் கதவைத் தட்டினார். "நான் யாரையும் அடிக்கலியே சிஸ்டர்! இன்னா தப்பு பண்ணேன்?" வார்டு முழுவதும் கேட்டது. மூன்றாம் நாள் தட்டல் நின்றது. திறந்து பார்த்தால் மூச்சு வாங்குகிறது. ஆம்புலன்ஸ் வந்து அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது. விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கிற குட்டி மிஷின் வார்டில் ஒன்றுதான் இருந்தது. அதுவும் அவர் விரலோடு போய்விட்டது. சனிக்கிழமை மதியம் போன் வந்தது. அமல்ராஜ் இல்லை.

வார்டுக்குச் சொல்ல வேண்டாம், கலவரப்படுவார்கள் என்று மேலே இருந்து உத்தரவு. "அமலு எப்டிக் கீறான்?" என்று துலுக்கானம் கேட்டபோது, மாஸ்க்குக்கு மேலே கண்ணால் சிரித்து, "நல்லா இருக்காரு" என்றாள். துலுக்கானத்துக்கு அறுபது வயதிருக்கும். வார்டில் பதினான்கு வருஷம். எல்லோருக்கும் அண்ணாத்தே. அவர் அவள் கண்ணையே பார்த்துவிட்டுப் போனார்.

அன்றைக்குப் பிறகுதான் வார்டில் யாருக்கும் காய்ச்சல் வரவில்லை.

இன்று புதன்கிழமை. புது மிஷின் வந்துவிட்டது. அதைப் பையில் போட்டுக்கொண்டு, கவுனும் மாஸ்க்கும் பிளாஸ்டிக் கவசமும் மாட்டிக்கொண்டு கலைவாணி மறுபடி உள்ளே போனாள். முதலில் பாத்ரூம் பக்கம் எட்டிப் பார்த்தாள். கொடியில் வரிசையாகத் துண்டுகள். யாரும் இன்னும் குளிக்கவில்லை. ஒரு துண்டைத் தொட்டாள். சொட்டச் சொட்ட ஈரம். அடுத்ததும் ஈரம். பதினோரு ஈரத் துண்டுகள்.

நெற்றிக்கு ஈரத்துணி! துப்பாக்கி வருவதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் போட்டு எடுத்தால் நெருப்பாகக் கொதிக்கிற நெற்றியும் தொண்ணூற்றேழு காட்டும். மாத்திரையைக் கன்னத்துக்குள் ஒதுக்கி, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டிவிட்டு, அப்புறம் துப்புகிற மனுஷர்கள் அவர்கள். ஒளிக்கத் தெரிந்தவர்கள். இப்போது காய்ச்சலை ஒளிக்கிறார்கள்.

அவள் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. முதல் கட்டிலிலிருந்து ஆரம்பித்தாள். விரலில் மிஷினை மாட்டுவாள், ஆக்சிஜன் எண்ணைப் பார்ப்பாள், ஸ்பிரிட் போட்டுத் துடைப்பாள், அடுத்த கட்டில். தொண்ணூற்றேழு. தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றைந்து. துலுக்கானம் விரலை நீட்டும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினாறாம் கட்டில் கோதண்டத்தின் கட்டில். ஆள் தலையோடு போர்த்திச் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது.

"கோதண்டண்ணே, விரலைக் குடுங்க."

போர்வைக்குள்ளிருந்து வலது கை வந்தது. ஆள்காட்டி விரலில் மாட்டினாள். தொண்ணூற்றெட்டு. கழற்றித் துடைத்தாள். அடுத்த கட்டிலுக்கு ஒரு அடி வைத்தவள் நின்றாள்.

கோதண்டம் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் தகடு வெட்டுகிற பிரஸ் மிஷின் ஓட்டினவர். அவருடைய வலது ஆள்காட்டி விரலின் நுனிக் கணுவை அந்த பிரஸ் எடுத்துக்கொண்டு இருபது வருஷம் ஆகிறது. இப்போது நீண்ட விரலில் நகம் முழுசாக இருந்தது, அழுக்கோடு.

"அண்ணே, விரல் எப்ப மொளைச்சுது?"

போர்வை அசையவில்லை. பிறகு உள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "பல்லிக்கு வாலு மொளைக்கல? அதுமாரிதான் சிஸ்டர்."

போர்வையை விலக்கினாள். இருதயராஜ். முப்பத்தைந்து வயது, எதற்கும் ஒரு சிரிப்பு வைத்திருக்கிறவன். இப்போதும் சிரிக்கத்தான் பார்த்தான். உதடு கேட்கவில்லை.

"கோதண்டம் எங்கே?"

இருதயராஜ் போர்வையை மறுபடி இழுத்துக்கொண்டான்.

"ஜஸ்டின்!" என்று கத்தினாள். ஜஸ்டின் ஓடிவந்தான். பாத்ரூம் பார்த்தான். சமையல்கட்டு பார்த்தான். துணி அறை, கட்டில்களுக்கு அடியில், பின்பக்க முற்றம். கேட் பூட்டியிருந்தது, வாட்ச்மேன் யாரையும் பார்க்கவில்லை. கால் மணி நேரம் கழித்து வேர்த்து ஊற்றிக்கொண்டு திரும்பி வந்தான்.

"காணோம் சிஸ்டர்."

"காலைல ஆளை எண்ணினியே?"

"கட்டில எண்ணினேன் சிஸ்டர். எல்லாக் கட்டில்லயும் ஆள் இருந்துச்சு. நான் தாண்டினதும் இருதயராஜு எழுந்து இந்தக் கட்டிலுக்கு மாறியிருக்கான் போல." பிறகு தலையைச் சொறிந்தான். "நேத்து சாயங்காலம் நாந்தான் வாயை வச்சுகினு சும்மா இல்லாம, நாளைக்குப் புது மிஷின் வருது, விரல்ல மாட்டினா உள்ளாற இருக்குற நோவு தெரிஞ்சுடும்னு இவங்களாண்ட சொன்னேன்."

அப்படியானால் விடிந்து முற்றத்தில் நடக்க விட்ட நேரத்தில் ஒளித்திருக்கிறார்கள். ஏழு மணி. இப்போது பத்தரை. மூன்றரை மணி நேரமாக எங்கேயோ ஒரு மனுஷன் காய்ச்சலோடு கிடக்கிறான். எத்தனை நாளாகக் காய்ச்சல்? மூச்சு எந்த அளவில் இருக்கிறது? அமல்ராஜ் காலையில் இட்லி சாப்பிட்டு மதியம் நினைவு தப்பினவர். அதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள்.

வார்டின் நடுவில் நின்றாள். இருபது பேர் அவளைப் பார்த்தார்கள்.

"யாரையும் ஒண்ணும் சொல்ல மாட்டேன். கோதண்டம் எங்கேன்னு மட்டும் சொல்லுங்க. அவருக்கு மூச்சு நின்னுபோயிடும்யா."

மூலையில் ஒருவர் தன்பாட்டுக்கு ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தவர் அதையும் நிறுத்திவிட்டார். கலைவாணி துலுக்கானத்திடம் போனாள். ஆறடி தள்ளி நின்றாள்.

"அண்ணே, உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்," என்றார் துலுக்கானம். "சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"சொன்னா அந்த ரூம்ல போடுவே. அங்க போனவன் திரும்பி வர்றதில்ல."

"அப்படி இல்லண்ணே. அமலு..."

"அமலு இன்னா?"

அவள் மாஸ்க்கை மூக்கின் மேல் அழுத்திவிட்டுக்கொண்டாள்.

"நல்லா கீறாரு, நல்லா கீறாருன்னு தெனம் சொல்றியே. எந்த வாயால சொல்றே? மூஞ்சியே தெரியல. ரெண்டு கண்ணுதான் தெரியுது. பாதி மூஞ்சிய மூடிகினு சொன்னா எவன் நம்புவான்? மூஞ்சியக் காட்டிச் சொல்லு."

மாஸ்க்கைக் கழற்ற அவள் கை காது வரைக்கும் போனது. அங்கேயே நின்றது. இந்த அறைக்குள் கழற்றினால் இவர்கள் மூச்சு அவளுக்கு, அவள் மூச்சு இவர்களுக்கு. நாளைக்கு அவளும் படுத்துவிட்டால் மாத்திரை கொடுக்கக்கூட ஆள் கிடையாது.

"ஜன்னலாண்ட வாங்க," என்றாள். "எல்லாரும். தள்ளித் தள்ளி நில்லுங்க."

சொல்லிவிட்டு வார்டைவிட்டு வெளியே போனாள். சுற்றிக்கொண்டு பின்பக்க முற்றத்துக்கு வந்தாள். கம்பி ஜன்னல்களிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி தூரத்தில், சுள்ளென்று அடிக்கிற வெயிலில் நின்றாள். முகத்துக்கு முன்னால் இருந்த பிளாஸ்டிக் கவசத்தைத் தூக்கினாள். மாஸ்க்கைக் கழற்றினாள். காதோரமும் மூக்கு மேலேயும் சிவந்து தடித்த கோடு. இரண்டு மாதத்தில் அந்த முகத்தை அவர்கள் முழுசாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அமலு செத்துட்டாரு," என்றாள்.

ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

"சனிக்கிழம. ஆஸ்பத்திரில. உங்ககிட்ட பொய் சொன்னேன். சொல்லக் கூடாதுன்னாங்க, நானும் சொல்லல. அவரை அந்த ரூம்ல போட்டதும் நான்தான். ஜன்னல் இல்லாத ரூம்ல போட்டேன். கதவை வெளிய தாழ் போட்டேன். உள்ள என்ன ஆகுதுன்னு ஒரு ஓட்டை வழியா பாத்துகினு இருந்தேன். அவரு தட்டினப்போ கோபத்துல தட்டுறாருன்னு நினைச்சேன். மூச்சு முட்டித்தான் தட்டியிருக்காரு."

அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அழுதுவிட்டால் அவர்கள் அவளைத் தேற்ற ஆரம்பித்துவிடுவார்கள். கோதண்டத்துக்கு நேரம் போய்விடும்.

உள்ளே யாரோ ஒருவர் தலையைச் சுவரில் மெதுவாக முட்டுகிற சத்தம் கேட்டது. ஜஸ்டின் அவர் நெற்றிக்கும் சுவருக்கும் நடுவில் தன் கையைக் கொடுத்தான்.

"எங்க போடுவே?" துலுக்கானத்தின் குரல். "கோதண்டத்த எங்க போடுவே? அத்த மொதல்ல சொல்லு."

கலைவாணி அதை யோசித்து வைத்திருக்கவில்லை. சுற்றிப் பார்த்தாள். வார்டின் முன்பக்கம் நீளமாக ஒரு வராந்தா. ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் உட்காருகிற இடம். மூன்று பக்கமும் கம்பி வலை, ரயில்வே லைன் பக்கமிருந்து நல்ல காற்று. இரண்டு மாதமாக யாரும் வராமல் பெஞ்சுகள் மட்டும் கிடந்தன.

"வராந்தால. எல்லாரும் பாக்குற மாதிரி. பூட்டு போட மாட்டேன்."

"யார கேட்டு சொல்றே?"

"யாரையும் கேக்கல."

துலுக்கானம் அவள் முகத்தைப் பார்த்தார். மற்றவர்கள் துலுக்கானத்தைப் பார்த்தார்கள். வெயிலில் அவளுக்குக் கால் எரிந்தது. ஒரு நிமிஷம் இருக்கும். அவ்வளவு நீளமான நிமிஷத்தை அவள் பிரசவத்தில்கூட அனுபவித்ததில்லை.

"கவர் ஒட்ற ஷெட்டு," என்றார் கடைசியில்.

"அது பூட்டிக் கெடக்குது அண்ணாத்தே, நான் பாத்தேனே," என்றான் ஜஸ்டின்.

"முன்னாடி பூட்டு. பின்னாடி தகரம் ஆணி பேந்து கீது. எங்களுக்குத் தெரியாதா?"

கலைவாணி மாஸ்க்கைப் போட்டுக்கொண்டே ஓடினாள். முற்றத்துக் கோடியில் நோயாளிகள் காகிதக் கவர் ஒட்டுகிற அந்த ஷெட் ஊரடங்கு போட்ட நாளிலிருந்து பூட்டியிருந்தது. சுவரும் கூரையும் தகரம். அந்த வெயிலில் தகரத்தில் கை வைக்க முடியவில்லை. ஜஸ்டின் கவுனைக் கையில் சுற்றிக்கொண்டு தகரத்தை இழுத்து மடக்கினான். உள்ளிருந்து சூடு முகத்தில் அறைந்தது.

கோதண்டம் காகிதக் கட்டுகளுக்கு நடுவில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் கால் பாட்டில் தண்ணீர். நெற்றியில் காய்ந்துபோன துண்டு. உதடு நீலம் பூத்திருந்தது. கண்ணைத் திறந்து அவளைப் பார்த்ததும் காலை இழுத்துக்கொண்டு பின்னால் நகரப் பார்த்தார்.

"வேணாம் சிஸ்டர்... நான் ஒண்ணும் பண்ணல... ரூம் வேணாம்..."

"ரூம் இல்லண்ணே. வராந்தா. காத்து வரும். வாங்க."

எண்பத்து நாலு. மிஷினில் அதுதான் காட்டியது. தொண்ணூற்றைந்துக்குக் குறையக் கூடாது.

இருவரும் தூக்கினார்கள். வராந்தாவில் கட்டிலைப் போட்டு, குப்புறப் படுக்கவைத்து, இருந்த ஒரே ஆக்சிஜன் சிலிண்டரை உருட்டி வந்து மாட்டினாள். கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி. அது ஒளிக்க அல்ல, ஆற்ற. ஜஸ்டின் நூற்றெட்டுக்குப் போன் போட்டான். ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார்கள். நெடுஞ்சாலையில் சைரன் ஒன்று மாற்றி ஒன்று போய்க்கொண்டேயிருந்தது. ஒவ்வொன்றும் இங்கே திரும்புமா என்று வார்டு முழுதும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. திரும்பவில்லை.

எண்பத்தைந்து. எண்பத்தைந்து. எண்பத்து நாலு. சிலிண்டரைக் கொஞ்சம் கூட்டினாள். முதுகைத் தடவிக்கொண்டே, "நல்லா இழுங்கண்ணே, மூக்கால" என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். எண்பத்து ஆறு. அரை மணி கழித்து எண்பத்தெட்டு.

நடுவில் டாக்டர் ஜெயராமன் போனில் வந்தார். நடந்ததைச் சொன்னாள். அவர் இருமி முடிக்கும் வரை காத்திருந்தாள்.

"வராந்தாவுல பூட்டு இல்லியேம்மா. ஓடிட்டா யார் பதில் சொல்றது?"

"பூட்டு இருந்துச்சே டாக்டர். ஷெட்டுக்குள்ள ஓடிட்டாங்களே."

அவர் மறுபடி இருமினார். "சரி. எழுதி அனுப்பு. கையெழுத்து போடறேன். அமல்ராஜ் விஷயம் சொன்னதுக்கு மேலிடத்துல கேப்பாங்க."

"கேக்கட்டும்."

ஆம்புலன்ஸ் வந்தபோது மணி ஒன்று. எண்பத்தொன்பது. கூட ஆள் இல்லாமல் மனநோயாளியை ஏற்ற மாட்டோம் என்றார் டிரைவர். ஜஸ்டின் புது மாஸ்க் மாட்டிக்கொண்டு ஏறினான். ஜன்னலிலிருந்து துலுக்கானம் கத்தினார்: "ஜஸ்டினு! அவனாண்டயே இரு. எங்கியும் வுட்டுட்டு டீ குடிக்கப் பூடாதே!"

இனிக் கலைவாணி ஒற்றை ஆள். அவள் கவுனை மாற்றிக்கொண்டு, கையைக் கழுவிக்கொண்டு வார்டு வாசலுக்கு வந்தாள். ஒவ்வொருவரிடமும் போய் நெற்றியைத் தொட்டு, நைச்சியம் பேசி, உண்மையை வாங்க வேண்டும். எத்தனை மணி நேரம் ஆகுமோ.

வாசலில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். தலையணையைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். "ரெண்டு நாளா ஜுரம் சிஸ்டர்" என்றார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். "எனக்கு ஜுரம் இல்ல. சாம்பார்ல வாசனையே வரல. அது கணக்கா?" அது கணக்குதான் என்றாள். மூன்றாவது ஆள் பேசவில்லை, தொண்டையைத் தொட்டுக் காட்டினார். துலுக்கானம் ஒரு கிழவரைக் கையைப் பிடிக்காமல், முன்னால் நடக்கவிட்டுப் பின்னால் தள்ளி நடந்து கூட்டிவந்தார். "இவுரு சொல்ல மாட்டாரு. மூணு நாளா இருமல். தலவாணில வாய வச்சுகினு இருமுறாரு." பின்னால் இன்னும் இருவர் வந்து நின்றார்கள்.

ஆறு பேர். மூன்று நாளாகத் தொண்ணூற்றேழு, தொண்ணூற்றேழு என்று எழுதிய வார்டில் ஆறு பேர். சிலிண்டர் ஒன்றுதான், அதுவும் பாதி காலி. ஆனால் ஆறு பேரும் அவள் கண்ணுக்கு முன்னால் நின்றார்கள். அது போதும் இப்போதைக்கு. யாரையும் தகரத்துக்குப் பின்னால் தேட வேண்டியதில்லை.

வராந்தாவில் ஆறு கட்டில்களை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து அவர்களே இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். கடைசிக் கட்டிலைப் போட்டுவிட்டு அவள் நிமிர்ந்தபோது இருதயராஜ் வாசலில் நின்றான். கையில் தட்டும் டம்ளரும்.

"உனக்கு என்னப்பா? மிஷின்ல தொண்ணூத்தெட்டு காட்டுச்சே."

"எனக்கு ஒண்ணும் இல்ல சிஸ்டர். ஆனா காலைலேர்ந்து கோதண்டம் போர்வைக்குள்ளதான கெடந்தேன்." இந்தத் தடவை சிரிக்கப் பார்க்கவில்லை. "எனக்கும் வரும்ல?"

வராது என்று சொல்ல நாக்கு எழுந்தது. அவள் அதை அடக்கினாள்.

"வரலாம்," என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். உள்ளே இருப்பவர்களை ஒருதரம் திரும்பிப் பார்த்தான். பிறகு நோயாளிக் கட்டில்களிலும் சேராமல், வார்டுப் பக்கமும் நெருங்காமல், வராந்தாவின் அந்தக் கோடியில் தனியாகக் கிடந்த பெஞ்சைத் தட்டால் காட்டினான்.

"அப்ப நான் அங்க இருக்கேன். எத்தினி நாளு?"

"பத்து நாளு இருக்கும்."

"பத்து நாளு," என்று சொல்லிக்கொண்டே அவன் போய் உட்கார்ந்தான்.